அகல டயர் மாட்டலாமா? வாசகர் கேள்விகள், மெக்கானிக் பதில்கள்

கேள்வி: தினமும் வேலைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஓட்டுகிற ஹேட்ச்பேக் கார் என்னுடையது. கம்பெனி டயர் 185/65 ஆர்15. ரிம் 6ஜே (6 அங்குல அகலம்), ஆஃப்செட் ஈடி 45. வளைவுகளில் கார் தள்ளாடுகிறது, டயரும் பார்க்க ஒல்லியாக இருக்கிறது. 7ஜே, ஈடி 38 உள்ள 17 அங்குல அலாய் வீலில் 215/45 டயர் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: முதலில் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்ப்போம். ஷாக் அப்சார்பர் கசிகிறதா, சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருக்கிறதா, காற்று சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? நான் வேலை செய்யும் பட்டறையில், டயரை மாற்றவேண்டும் என்று வந்த பல கார்களுக்கு ஷாக் அப்சார்பர் மாற்றியதுமே வளைவில் பிடிப்பு வந்துவிட்டது. தேய்ந்த ஷாக் அப்சார்பர் மேல் அகல டயரைப் போட்டால் கார் துள்ளும். வேறு எதுவும் மாறாது.

சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது என்றால் கணக்குக்கு வருவோம். 185 என்பது டயரின் அகலம், மி.மீ.-ல்; 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது; 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. நண்பர் சொல்லும் 215/45 ஆர்17 சுமார் 625 மி.மீ. விட்டத்தில் 3 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது டயர்க்காரர்களின் வழக்கம். இது 1 சதவீதம்கூட இல்லை. அந்தக் கணக்கில் நண்பர் தேறிவிட்டார்.

சிக்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று ஆஃப்செட், அதாவது கார் ஹப்பில் பொருந்தும் வீலின் முகம் ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது; ஈடி எண் குறைந்தால் வீல் வெளியே வரும். ரிம் 6 அங்குலத்திலிருந்து 7 ஆகும்போது இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடுகிறது. ஈடி 45 என்பது 38 ஆகும்போது வீல் முழுவதும் 7 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு ஏறத்தாழ 20 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 6 மி.மீ. உள்ளே போகும். அந்த 20 மி.மீ. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து கார் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டரை உரசக்கூடும். அந்த 6 மி.மீ. முன்பக்கம் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வெறும் காரை நிறுத்திவைத்து, விரல் நுழைகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது போதாது. வீலைக் கடனாக வாங்கி மாட்டி, ஆட்களை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, வேகத்தடையில் சாய்வாக முன்னும் பின்னும் ஏற்றிப் பாருங்கள். சக்கரக் குழியின் உள் லைனரில் சாக்பீஸ் தடவிவிட்டுச் செய்தால், அழிந்த இடமெல்லாம் டயர் தொட்ட இடம்.

இரண்டாவது, டயரின் பக்கச்சுவர். இப்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 120 மி.மீ. ரப்பர் இருக்கிறது. 215/45-ல் அது 97 மி.மீ. ஆகிவிடும். குறைகிற அந்த 23 மி.மீ.தான் பள்ளத்தின் கூர்மையான விளிம்பில் ரிம் நெளியாமல் காப்பாற்றுவது. உள்ளே நூல் அறுந்து, பக்கச்சுவரில் முட்டை போலப் புடைத்துக்கொண்ட டயர்களை நான் அதிகம் பார்ப்பது இந்த மாதிரி ஒல்லிச் சுவர் டயர்களில்தான். பிள்ளைகளோடு தினமும் போகிற காருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அகலம் கூடினால் ரோட்டைத் தொடும் பரப்பும் கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதே எடை, அதே காற்றழுத்தம் என்றால் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து குறுக்கே விரிகிறது. வளைவுக்கு அது நல்லது, ஸ்டியரிங் சட்டென்று பதில் சொல்லும். ஆனால் தேங்கிய மழைத்தண்ணீரில் அகல டயர் அதிகத் தண்ணீரைத் தள்ளியாகவேண்டும்; அதனால் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். மழையிலும் வண்டி எடுத்தே ஆகவேண்டிய ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் சொல்வது ஒரு படி மட்டும். உங்கள் ரிம்மையே வைத்துக்கொண்டு 195/60 ஆர்15 போடலாம். 6ஜே ரிம்முக்கு அது பொருந்தும், விட்டம் 1 சதவீதம்தான் குறையும். என் சொந்தக் காரிலும் கம்பெனி ரிம்தான், டயர் மட்டும் ஒரு படி அகலம். அலாய் வேண்டும் என்று மனது கேட்டால் 16 அங்குலம், 6.5ஜே, ஈடி 45, டயர் 195/55 ஆர்16. விட்டம் உங்கள் பழைய டயரோடு மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போகும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். டயரில் அளவுக்கு அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545 கிலோ. உங்கள் கம்பெனி டயரில் 88 என்று இருந்தால் அதற்குக் கீழே இறங்கக்கூடாது. 195/55 ஆர்16 சாதாரண வகையில் 87-தான் வரும்; கூடுதல் சுமைக்காகப் பலப்படுத்திய எக்ஸ்எல் வகையில் 91, அதாவது 615 கிலோ. கேட்டு அதையே வாங்குங்கள். எக்ஸ்எல் டயர் அதன் முழுச் சுமையைத் தாங்கக் காற்று சற்றுக் கூடுதலாக வேண்டும், அதையும் டயர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: 205/55 ஆர்16 போட்டபிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. முன்பு 185/65 ஆர்15. டயர்தான் காரணமா?

பதில்: பாதி உண்மை, பாதி மீட்டர் கணக்கு. புது டயரின் விட்டம் சுமார் 632 மி.மீ., முன்பைவிட 1.7 சதவீதம் பெரிது. ஒவ்வொரு சுற்றுக்கும் கார் கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 கி.மீ. என்று காட்டும்போது நீங்கள் ஏறத்தாழ 101.7 கி.மீ. போயிருப்பீர்கள். வேகமும் அப்படியே, காட்டுவதைவிடச் சற்று அதிகமாகத்தான் போவீர்கள். அதைக் கழித்த பிறகும் குறைவு இருந்தால் அது டயரின் உருளல் தடையும் வீலின் எடையும். பழைய வீலையும் புதியதையும் டயரோடு எடை போட்டுப் பாருங்கள். அலாய் என்றாலே லேசு என்று நினைக்கவேண்டாம்; பெரிய அலாய் வீல் பல சமயம் பழைய சின்ன இரும்பு வீலைவிடக் கனம். சுற்றுகிற எடை கூடினால் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் அதற்கான விலை இருக்கிறது.

கேள்வி: என் காரின் பி.சி.டி. (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 4x100, அதாவது 4 துளை, 100 மி.மீ. கிடைத்த வீல் 4x98. நான்கு நட்டும் ஏறிவிட்டது. பரவாயில்லையா?

பதில்: தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள். 2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எல்லா நட்டும் வீலில் அதற்கான குழியில் நேராக உட்காராது. இழுத்து முறுக்கியதால் ஏறியிருக்கிறது. ஓட ஓடத் தளரும், அல்லது நட் ஏறும் ஸ்டட் முறியும். பி.சி.டி. சரியாக இருந்தாலும் நட்டின் வடிவத்தைப் பாருங்கள்: சில வீலுக்குக் கூம்பு நட், சிலவற்றுக்கு உருண்டை நட். மாற்றிப் போட்டால் பிடிக்காது. வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடவேண்டும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். புது வீல் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியதும், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: முன்வீல் இழுக்கும் கார். பின்னால் மட்டும் அகல டயர் போட்டால் அழகாக இருக்குமே?

பதில்: வேண்டாம். அந்தக் காரில் முன்பக்கம்தான் முதலில் பிடிப்பை விடும். பின்னால் பிடிப்பைக் கூட்டினால் வளைவில் கார் இன்னும் நேராகவே போகப் பார்க்கும். முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போடவும் முடியாது.

கேள்வி: பழைய அலாய் வீல் செட் ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முகப்பை விட்டுவிடுங்கள், பெயின்ட் எதையும் மறைக்கும். டயரைக் கழற்றச் சொல்லி உள்விளிம்பைப் பாருங்கள். அடி வாங்குவதும் மயிரிழை விரிசல் வருவதும் பெரும்பாலும் அங்கேதான். வெல்டிங் தடம் இருந்தால் வாங்காதீர்கள். பின்பக்கம் ரிம் அகலம், ஈடி எண், தாங்கும் எடை பொறித்திருக்கவேண்டும். ஜப்பானியத் தரத்தில் செய்தது என்றால் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கும். பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுற்றவிட்டு, விளிம்பு அசைகிறதா என்று பாருங்கள். சுற்றிக்காட்ட விற்பவர் தயங்கினால் வேறு செட் தேடுங்கள்.