பதில்: அம்மாவின் தூக்க மாத்திரையை நிறுத்தியதும் கை நடுங்குகிறது

தம்பி, அம்மாவுக்கு ரெண்டு வருஷமா தினம் ராத்திரி அல்பிரசோலம் 0.5, அதுவும் அம்மாபேட்டை மெடிக்கல்ல சீட்டே இல்லாம வாங்கினதுன்னு எழுதியிருக்கீங்க. பயந்துபோய் அட்டையைத் தூக்கிப் போட்டுட்டீங்க. இப்போ மூணு நாளா தூக்கமில்லை, கை நடுக்கம். நல்ல எண்ணம்தான், ஆனா ஒரேயடியா நிறுத்தினதுதான் வினை. இந்த வகை மாத்திரைக்குப் பழகின உடம்பு திடீர்னு அது கிடைக்கலேன்னா வலிப்பு வரைக்கும் போகும். இன்னைக்கே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. பகல்ல மனநல ஓ.பி., ராத்திரின்னா அவசரப் பிரிவு. வலிப்போ குழப்பமான பேச்சோ வந்தா 108. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளான்னு மறைக்காம சொல்லுங்க. டாக்டர் வாரக்கணக்கில், சில பேருக்கு மாசக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். நீங்களா அளவு போடாதீங்க. மனநல ஓ.பி.ன்னதும் அம்மா முகம் சுளிச்சா, 14416-ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டு அவங்களையே பேசவிடுங்க. தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

கடைக்காரர் விஷயம்: 2014 மார்ச்சிலிருந்து இது எச்1-ங்கிற கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கற மருந்து. டாக்டர் சீட்டு வேணும், தனிப் பதிவேட்டில் எழுதணும். "நம்ம கடைதானே"ன்னு நாமளும் கேட்டு வாங்கறோமே! அந்தச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.