அஸ்திவாரம் தோண்டும் முன்: ஆலை வடிவமைப்பின் தொடக்கக் கட்டம், கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் ஆலை தொடங்க நினைப்பவர்களும் பொறியியல் மாணவர்களும் கேட்ட கேள்விகள் இவை. விரிவான வரைபடங்களுக்கு முந்தைய கட்டமான ‘ஃபீட்’ (முன்கட்டப் பொறியியல் வடிவமைப்பு) பற்றி, அதில் வேலை பார்க்கும் பொறியாளர் பதில் தருகிறார்.

தேவகோட்டை மாணவி: ஃபீட் முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது, ஐயா?

கையில் என்னென்ன இருக்கிறது என்பதை வைத்துத்தானம்மா. கையெழுத்தான டிசைன் பேசிஸ், வெப்ப-நிறைச் சமநிலை, பி.எஃப்.டி. (செயல்முறை ஓட்ட வரைபடம்), ஹசாப் (எங்கே என்ன ஆபத்து வரலாம் என்று அலசும் ஆய்வு) முடிந்த பி அண்ட் ஐடி (குழாய்களையும் அளவுக் கருவிகளையும் காட்டும் வரைபடம்), பிளாட் பிளான் (மனையில் எது எங்கே என்ற வரைபடம்), கருவிப் பட்டியல், முக்கியக் கருவிகளின் டேட்டா ஷீட், மின்சாரத்துக்கு சிங்கிள் லைன் டயகிராம் (மின் இணைப்புகளின் ஒற்றைக்கோட்டு வரைபடம்), மண் பரிசோதனை அறிக்கை. இவற்றில் டிசைன் பேசிஸ்தான் தாய். மூலப்பொருளின் தரம், உற்பத்தி அளவு, கோடை வெப்பநிலை, தண்ணீரின் உப்பு எல்லாம் அதில் எண்ணாக இருக்க வேண்டும். ‘பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று ஒரு வரி விட்டாலும், அந்த வரியைத் தொட்ட வரைபடங்களை எல்லாம் மறுபடி வரைய நேரிடும்.

காரைக்குடி, ரசாயனத் தொழில்முனைவோர்: எங்கள் மின்வேதி முறை ஆய்வகத்தில் அருமையாக ஓடுகிறது. 1,000 மடங்கு பெருக்கினால் ஆலை வந்துவிடாதா?

வராது. 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இயங்கும் ஊர் என்பதால் இந்தக் கேள்வி உங்கள் பக்கம் அடிக்கடி எழும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மின்பகுப்பில் உற்பத்தி மின்னோட்டத்தைப் பொறுத்தது. குளோரின் என்றால் 1,000 ஆம்பியருக்கு மணிக்கு அதிகபட்சம் 1.32 கிலோ. இந்தக் கணக்கு ஆலையிலும் மாறாது, மாறுவது வெப்பம். கலத்தின் நீள அகல உயரத்தை இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்கு, வெப்பம் வெளியேறும் வெளிப்பரப்போ 4 மடங்குதான். மேசை மேல் கண்ணாடிக் கலம் தானாக ஆறிவிடும். பெரிய கலம் ஆறாது, குளிர்விப்பான் கேட்கும். இன்னொன்று அசுத்தம். ஆய்வகத்தில் ஒவ்வொரு முறையும் புதுக் கரைசல் ஊற்றுகிறீர்கள். ஆலையில் அதே கரைசல் சுற்றிச் சுற்றி வரும். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்துகொண்டே போய், கலத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் சவ்வை அடைக்கும். ஆகவே பைலட் ஆலையை (சிறிய சோதனை ஆலை) மறுசுழற்சியோடு வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகே ஃபீட் தொடங்குங்கள்.

அவரே: குளிர்விக்கத் தண்ணீர்? போர் போட்டால் போதுமா?

முதலில் கணக்கு. கூலிங் டவரில் (சூடான நீரைக் காற்றில் ஆறவைக்கும் கோபுரம்) மணிக்கு 1,000 கன மீட்டர் சுற்றுகிறது, 10 டிகிரி குளிர்கிறது என்று வைப்போம். ஆவியாவது மணிக்குச் சுமார் 15.3 கன மீட்டர். உப்பு 5 மடங்கு செறியும்வரை விட்டால், வெளியேற்றும் நீர் இன்னொரு 3.8. மொத்தம் 19.1, நாளுக்கு 458 கன மீட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினம் 38 லோடு! போர் தண்ணீரில் சிலிக்காவோ கடினத்தன்மையோ கூடுதலாக இருந்தால் 5 மடங்குவரை செறியவிட முடியாது. 3 மடங்கோடு நிறுத்தினால் தேவை மணிக்கு 23 கன மீட்டராக ஏறும்.

எனவே டவரைத் தேர்ந்தெடுக்கும் முன் கோடை உச்சத்தில் எடுத்த நீர்ச் சோதனை அறிக்கை வேண்டும். வறண்ட பூமியில் காற்றுக் குளிர்விப்பானையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என் கட்டாயம். விலை கூடும், இடம் அதிகம் எடுக்கும், 40 டிகிரி வெயிலில் அதற்குக் கீழே குளிர்விக்க அதனால் முடியாது. ஆனால் தண்ணீர் கேட்காது.

பள்ளத்தூர், சிவில் ஒப்பந்தக்காரர்: நம்ம ஊர் செம்புறாங்கல் கெட்டிதானேண்ணே, இத்தனை போர்ஹோல் எதற்கு?

மேலே கெட்டிதான் தம்பி. செம்புறாங்கல் நிலத்தில் கெட்டி ஓட்டுக்கு அடியில் மிருதுவான களிமண் இருக்கலாம். 2 மீட்டரில் எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் கெட்டியைப் பார்க்கும் சோதனை) ‘ரிஃப்யூசல்’, அதாவது இனி இறங்காது, என்று எழுதிவிட்டுத் துளையை நிறுத்திவிடுகிறார்கள், தவறு அங்கேதான். ஓட்டைத் துளைத்துக் கீழே போகச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பெரிய தொட்டி என்றால் நடுவில் ஒரு துளை கட்டாயம், அதன் விட்டத்துக்கு ஏற்ற ஆழத்தில்.

புதுவயல், ஆலை உரிமையாளர்: ஃபீட் மதிப்பீட்டை வங்கியில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஏஏசிஇ (செலவுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பு) வகைப்பாட்டில் அது பெரும்பாலும் 3-ஆம் வகுப்பு. செலவு 10 முதல் 20 சதவீதம் குறையலாம், 10 முதல் 30 சதவீதம் கூடலாம். தொடக்க யோசனைக் கட்டத்து 5-ஆம் வகுப்பு மதிப்பீட்டில் செலவு இரட்டிப்பாகவும் ஆகலாம். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அவரே: ஹசாப்பைப் பிறகு வைத்துக்கொண்டால்?

வேண்டாம். ஹசாப்பில் ஒரு சேஃப்டி வால்வு பெரிதானால் ஃபிளேர் ஹெட்டர் (வால்வு வெளியேற்றும் வாயுவை எரிக்கக் கொண்டுபோகும் பெருங்குழாய்) பெரிதாகும், பைப் ரேக் (குழாய்களைத் தாங்கும் சட்டகம்) மாறும், அதன் அஸ்திவாரமும் மாறும். காகிதத்தில் இது சில நாள் வேலை. கான்கிரீட் போட்ட பிறகு உடைக்க வேண்டும்.

கானாடுகாத்தான் வாசகர்: நிலத்துக்குள் ஊரணிக்குப் போகும் பழைய வரத்துக்கால் இருக்கிறது. மூடிவிடலாமா?

மூடாதீர்கள், ஐயா. ஊரணியும் வறளும், தண்ணீர் உங்கள் ஆலைக்குள்ளும் புகும். 10 ஹெக்டேரில் பெரும்பகுதி தளம் போட்டு, மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் நொடிக்குச் சுமார் 1.3 கன மீட்டர் ஓடும். இது உங்கள் மனைக்குள் விழுவது மட்டும்; மேட்டிலிருந்து வருவது தனி. பிளாட் பிளானில் முதல் கோடாக வரத்துக்காலை வரைந்து, இருபுறமும் இடம் விட்டு, பிறகு கருவிகளை வையுங்கள். எண்ணெய், ரசாயனம் சிந்தும் தளங்களின் நீர் அதில் சேராதபடி தனி வடிகாலும் சேகரிப்புத் தொட்டியும் வேண்டும். சர்வே வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐப்பசியில் ஒரு கனமழைக்கு மறுநாள் நிலத்தை நடந்து பார்த்து, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று முளையடித்துக் குறியுங்கள்.