காயோட விக்கிற தக்காளிச் செடிய வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மதுரையில மொட்டமாடியில இப்பத்தான் தோட்டம் போட ஆரம்பிச்சிருக்கேன். நர்சரியில ரெண்டு காயோட ஒரு தக்காளிச் செடி 90 ரூபாய்னு வாங்கி 8 இன்ச் தொட்டியில வச்சேன், ஒரு வாரத்துல இலையெல்லாம் சுருண்டுபோச்சு. போய்க் கேட்டா 350 ரூபாய்க்கு ஒரு பாட்டில் காட்டி இத அடிங்க சரியாயிரும்ங்கிறாங்க. வாங்கலாமா, இல்ல செடிய மாத்தித் தரச் சொல்லலாமா?

பதில்: பாட்டில இப்ப வாங்காதீங்கம்மா, மொதல்ல எந்த இலை சுருண்டிருக்குனு பாருங்க. கீழ இருக்குற இலைங்க மட்டும் ஓரம் மேல தூக்கி சுருண்டு, ஆனா நல்லா பச்சையாவே இருந்தா அது நோயே இல்ல, வெயிலும் தண்ணி பத்தாததும்தான். 8 இன்ச் தொட்டியில அஞ்சாறு லிட்டர் மண்ணுதான் நிக்கும், மதுரை வெயிலுக்கு மொட்டமாடியில அது மத்தியானத்துக்குள்ள காஞ்சுரும். அப்படின்னா செடி வளர்க்குற பெரிய பைக்கு மாத்தி, மதியத்துக்கு மேல நிழல் விழுற மாதிரி வச்சா தேறிரும்.

நுனியில புதுசா வர்ற இலை சின்னதா, சுருங்கி, ஓரம் மஞ்சளா, செடியே வளராம குட்டையா நின்னா அது இலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ பரப்புறது. இதுக்கு எந்த மருந்தும் கெடையாது, 350 இல்ல 3500 குடுத்தாலும் கெடையாது. மருந்து ஈயக் கொல்லும், ஏற்கெனவே செடிக்குள்ள போன வைரஸ ஒண்ணும் பண்ணாது. பிடுங்கி கவர்ல கட்டிப் போட்டுருங்க, பக்கத்துல மிளகாய்ச் செடி இருந்தா அதுக்கும் தொத்தலாம், இன்னைக்கே பிடுங்கிருங்க.

எப்பவுமே பூச்சி மருந்து வாங்கினா லேபிள்ல பதிவு எண், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, விஷத்தன்மை காட்டுற கலர் கட்டம் (சிவப்புன்னா ரொம்ப மோசம், பச்சைன்னா கம்மி) இதெல்லாம் இருக்கணும். கேன்ல இருந்து ஊத்தி லேபிளே இல்லாம குடுத்தா எவ்ளோ சீப்பா இருந்தாலும் வேணாம்.

மாத்தித் தருவாங்களான்னா, வைரஸ்னா கேளுங்க, பில் இருந்தா பேச ஒரு பிடி இருக்கும். ஒத்துக்கலைன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, ஆனா 90 ரூபாய் செடிக்கு அலையணுமாங்கிறது உங்க இஷ்டம். செடி வாங்குறப்பவும் பில் கேக்கலாம், நம்மாளுங்க யாரும் கேக்குறதில்ல.

என்னைக் கேட்டா அந்தக் காய் இருக்கே, அதுக்குத்தான் நீங்க 80 ரூபாய் கூடக் குடுத்திருக்கீங்க. சின்னக் கவர்லயே காய்ச்ச செடியோட வேரு உள்ளயே சுத்திச் சுத்தி இருக்கும், மாத்தி வச்சாலும் காய்க்குத் தீனி போடவே அதுக்குச் சரியா இருக்கும், வேரு விடாது. டிரேயில வளர்ந்த 25 நாள் நாத்து, அஞ்சாறு இலை, தண்டு தடியா, பூ வராதது, இதான் நல்ல சரக்கு, விலையும் பத்து ரூபாய்க்குள்ளதான் இருக்கும். இலையத் திருப்பி அடியில வெள்ளையா எதாச்சும் பறக்குதானு பாத்து வாங்குங்க. நடும்போது கீழ் இலை ரெண்ட கிள்ளிட்டு தண்டுல பாதி புதையுற அளவு ஆழமா வைங்க, புதைஞ்ச தண்டுல இருந்தும் வேரு வரும் தக்காளிக்கு.

மிச்சமாகுற காசுல செடி வைக்க நல்ல பையா வாங்குங்க, 12க்கு 12 இன்ச் கம்மியா வேணாம், 15க்கு 15 இருந்தா இன்னும் நல்லது, யூவி ட்ரீட் பண்ண (வெயில் தாங்குற) ஹெச்டிபிஈ பிளாஸ்டிக் பையானு கேட்டு வாங்கணும், இல்லன்னா வெயில்ல பொடிப்பொடியா போயிரும். மண் கலவைக்கு செம்மண் ரெண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒண்ணு, மண்புழு உரம் ஒண்ணு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் கட்டிய ஊறவச்சு ரெண்டு மூணு தடவ தண்ணிய வடிச்சிருங்க, உப்பு இருக்கும்.

கேள்வி: ஆன்லைன்ல கருப்புத் தக்காளி, மஞ்சத் தக்காளினு விதை பாக்கெட் வருதே, நம்பலாமா?

பதில்: படத்த விட்டுட்டு பாக்கெட்டத் திருப்புங்க. முளைப்புத்திறன் (தக்காளிக்கு கொறஞ்சது 70 சதவீதம்), சோதிச்ச தேதி, எதுவரை செல்லும், லாட் நம்பர் இதெல்லாம் அச்சாகி இருக்கணும். வெறும் ஜிப் கவர்ல பேர் மட்டும் எழுதி வந்தா ரிட்டர்ன் போட்டுருங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு பிகேஎம் 1 போதும், பெரியகுளத்துல உருவாக்குன நம்ம ரகம், விதையும் எடுத்து வச்சுக்கலாம். வைரஸ் தொல்லை ஜாஸ்தி இருக்குற ஏரியான்னா பெங்களூர் ஐஐஹெச்ஆர்ங்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா ரக்ஷக் ரகத்தப் பாருங்க, தாங்கும், ஆனா அது ஹைபிரிட் (கலப்பின ரகம்), அடுத்த தடவையும் விதை காசு குடுத்துதான் வாங்கணும்.