காவலர் வேலைக்கு என்ன தகுதி வேண்டும்? வழக்கில் பெயர் இருந்தால் சேர முடியாதா?

தம்பி, நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் முடித்த 22 வயதுப் பையன் தமிழ்நாடு காவல்துறையில் சேர என்ன தகுதி வேண்டும் என்பது ஒன்று. ஊர்த் தகராறில் உங்கள் பெயரையும் சேர்த்துப் போட்ட வழக்கு விடுதலையில் முடிந்துவிட்டதே, அதைப் படிவத்தில் எழுதத்தான் வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்காகத்தான் டியூட்டி முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வரம்பு பொதுப்பிரிவுக்கு 26, பிசி, எம்பிசிக்கு 28, எஸ்சி, எஸ்டி, திருநங்கை, திருநம்பிக்கு 31, ஆதரவற்ற விதவைக்கு 37. உங்களுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை. எஸ்.ஐ. வேலைக்குத்தான் டிகிரி கேட்பார்கள்.

எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளை லேசாக நினைத்துவிடாதீர்கள். 80 மதிப்பெண்ணில் 32 எடுக்காவிட்டால், பொது அறிவும் உளவியலும் உள்ள 70 மதிப்பெண் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உயரம். ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்சி, எஸ்டிக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்சி, எஸ்டி பெண்களுக்கு 157. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பையனை இன்றும் மறக்க முடியவில்லை. வெறுங்காலோடு பலகையில் ஏறி நின்றான். மேலே இருந்து கட்டை இறங்கி முடியை அமுக்கித் தலையில் உட்கார்ந்தது. அளந்தவர் அளவைச் சத்தமாகச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. அரை சென்டிமீட்டர் குறைவு. எழுத்துத் தேர்வில் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தான். அதனால் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததை நம்பாதீர்கள், சரியான அளவுகோலில் ஒருமுறை நின்று பார்த்துவிடுங்கள். மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். தினமும் ஓடுகிறவனுக்கு அது தானாக வந்துவிடும்.

ஓட்டம் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடத்துக்குள். இதில் தேறினால்தான் அடுத்த கட்டம். ஆண்களுக்கு அது கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். அதற்கு மொத்தம் 24 மதிப்பெண். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு; ஸ்டாரை வைத்துத்தான் மதிப்பெண். கடைசி ஒரு மீட்டரில்தான் கை வழுக்கும். எனக்கு உள்ளங்கைத் தோல் மூன்று முறை உரிந்து காய்ப்பு ஏறிய பிறகே உச்சி எட்டியது. அதனால் ரோப்பை இன்றைக்கே தொடங்குங்கள்.

இனி உங்கள் வழக்கு. என்னோடு ஒரே மைதானத்தில் ஓடிய நண்பன் ஒருவன் எல்லாவற்றிலும் தேறினான். அவன் மீதும் இதே மாதிரி ஒரு அடிதடி வழக்கு இருந்தது. பெரியவர்கள் பேசி ராசியாகி, சாட்சிகள் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார்கள், விடுதலை ஆகிவிட்டது. "அதான் முடிஞ்சு போச்சேடா" என்று படிவத்தில் 'வழக்கு இல்லை' என்று எழுதிவிட்டான். வெரிஃபிகேஷனுக்கு, அதாவது முன்வரலாற்றை விசாரிக்க வந்த தனிப்பிரிவு ஏட்டையா ஸ்டேஷன் பதிவேட்டைப் புரட்டியதும் முதல் தகவல் அறிக்கை எண்ணோடு வந்துவிட்டது. தேர்வு ரத்து. அவன் அம்மா பயிற்சிக்கென்று வாங்கி வைத்திருந்த தகரப்பெட்டி இன்னும் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

ஊரில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. காவலர் பணி விதிகளைப் பொறுத்தவரை எல்லா விடுதலையும் ஒன்றல்ல. குற்றம் செய்தாரா என்று சந்தேகம் இருப்பதால் 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுவித்தாலோ, புகார்தாரர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனதால் விடுவித்தாலோ, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள். வெரிஃபிகேஷன் நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு குற்றமே நிரூபணமாகாமல் கண்ணியமான விடுதலை கிடைத்தால் அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம். ஊர் ராசி வழக்கை முடித்துவைக்கும், வேலைக்குப் போகிற பிள்ளையைக் காப்பாற்றாது.

அப்படியென்றால் மறைத்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம் தம்பி. மறைத்தது வெளியே வந்தால், வழக்கோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். 2016-ல், வேலைப் படிவத்தில் வழக்கை மறைப்பது பற்றிய அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பேசியது. சின்ன வழக்காக இருந்தால் மறைத்ததைக்கூட அதிகாரி பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அவருடைய முடிவு. உண்மையை எழுதியிருந்தாலும் முன்வரலாற்றைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. எழுதினால் வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. எழுதியவனுக்காவது மேல்முறையீட்டில் நிமிர்ந்து நின்று பேச இடம் இருக்கும்.

அதனால் முதலில் வழக்கு நடந்த கோர்ட்டில் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இருக்கிறதா, சந்தேகத்தின் பலன், பிறழ்சாட்சி என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவது என்றால், படிவம் நிரப்பும் முன்பே பணி வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். நகல் கைக்கு வந்ததும் அந்த வரியை மட்டும் எனக்கு எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை காலை ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.