துணை ஒப்பந்ததாரர் பில்லும் டிடிஎஸ் பிடித்தமும்: மென்பொருள் வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி: மூன்று பங்குதாரர்கள் சேர்ந்து கட்டட ஒப்பந்த நிறுவனம் நடத்தி வருகிறோம். சென்ட்ரிங், கம்பி கட்டுதல், பூச்சு, மின்பணி என இருபதுக்கும் மேற்பட்ட துணை ஒப்பந்ததாரர்கள் எங்களிடம் வேலை செய்கிறார்கள். பில்களை எக்செல்லிலும் கணக்கை டேலியிலும் வைத்திருக்கிறோம். டிடிஎஸ், அதாவது மூலத்திலேயே பிடித்துச் செலுத்த வேண்டிய வருமான வரி, குறைவாகப் பிடிக்கப்பட்டிருப்பதாக வருமான வரித் துறையிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. கட்டுமானத் துறைக்கென்றே விற்கப்படும் மென்பொருளுக்கு மாறிவிடலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்த அறிவிப்பில் எந்தெந்தப் பதிவுகள் குறிப்பிடப்பட்டுள்ளன என்று பாருங்கள். நீங்கள் தாக்கல் செய்த காலாண்டு டிடிஎஸ் விவரத்தைக் கணினி சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பு இது. பெரும்பாலும் பான் எண் தவறாக இருப்பது, ஆதாருடன் இணைக்கப்படாமல் பான் செயலிழந்திருப்பது, விகிதம் மாறிப் பிடித்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். விவரத்தில் சேர்க்காமலே விட்டுப்போன பில்லை இந்தச் சரிபார்ப்பு கண்டுபிடிப்பதில்லை. அது பிற்பாடு தணிக்கையில்தான் வெளிவரும். ஆகவே அறிவிப்பில் உள்ள தொகையைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கருத வேண்டாம்.

விகிதத்தைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் பெயர்ப்பலகை அல்ல, பான் எண்ணின் நான்காவது எழுத்து. அது 'பி' என்றால் தனிநபர், 'எச்' என்றால் இந்து கூட்டுக் குடும்பம். இருவருக்கும் 1 சதவீதம். 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. இவற்றுக்கு 2 சதவீதம். 'அண்ட் கோ' என்று லெட்டர்பேடு வைத்திருப்பவர் பல நேரங்களில் தனிநபராகவே இருப்பார். பான் தராதவருக்கும், பான் செயலிழந்தவருக்கும் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். நல்ல மென்பொருள் இந்த நான்காவது எழுத்தைப் பார்த்துத் தானே விகிதத்தைப் போடும். பதிவு செய்பவர் கையால் மாற்ற முயன்றால் எச்சரிக்கும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். விற்பனையாளர் காட்டும் டெமோவில் எல்லாப் பில்லும் அழகாகவே இருக்கும். அதை விட்டுவிட்டு, வேலை நடக்க நடக்கப் போடும் உங்கள் ரன்னிங் பில்களிலேயே சிக்கலான ஒன்றைக் கொடுத்து, உங்கள் கண்முன் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். உதாரணமாக, கம்பி கட்டும் தனிநபர் ஒருவருக்கு இதுவரை முடிந்த வேலையின் மதிப்பு 8,00,000 ரூபாய், அதில் சென்ற பில் வரை கணக்கிடப்பட்டது 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பில் 3,00,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54,000. ரிடென்ஷன், அதாவது வேலைக்கு உத்தரவாதமாக நிறுத்திவைக்கும் தொகை, 5 சதவீதம்: 15,000. முன்பு கொடுத்த 1,00,000 முன்பணத்தில் இந்தப் பில்லில் கழிக்க வேண்டியது 50,000. நீங்கள் வாங்கிக் கொடுத்த கட்டுக் கம்பிக்காகப் பிடிப்பது 8,000.

இதில் டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்டால், மென்பொருள் 2,500 ரூபாய் என்று சொல்ல வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன்மீது பிடித்தம் இல்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-லேயே சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்திவிட்டது. எனவே 3,54,000-க்குக் கணக்கிட்டு 3,540 என்று காட்டினால் தவறு. முன்பணம் கொடுத்த அன்றே அதற்கு 1,000 ரூபாய் பிடித்திருப்பீர்கள், ஆகவே இப்போது கழிக்கும் 50,000-க்கு மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ரிடென்ஷனும் கட்டுக் கம்பிப் பிடித்தமும் அடிப்படைத் தொகையைக் குறைக்கக் கூடாது. ரிடென்ஷன் பணம் ஓராண்டு கழித்தே அவர் கைக்குப் போகலாம். இருந்தாலும் இன்று அவர் கணக்கில் வரவு வைக்கப்படுவதால் பிடித்தமும் இன்றே. மீதி 2,50,000-க்கு 1 சதவீதம் 2,500. அவருக்குச் சேர வேண்டிய நிகரத் தொகை 2,78,500. எக்செல்லில் பில் போடும் பல அலுவலகங்களில், ரிடென்ஷனையும் பொருள் பிடித்தத்தையும்கூடக் கழித்துவிட்டு மீதித் தொகைக்கு வரியைப் போடும் பழக்கம் இருக்கிறது. குறைவாகப் பிடிக்கும் தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த சோதனை உச்சவரம்பு. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, நிதியாண்டின் மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டினாலோ பிடித்தம் கட்டாயம். 25,000 வீதம் நான்கு பில் வாங்கியவருக்கு ஐந்தாவது பில் போடும்போது, முந்தைய நான்கையும் சேர்த்து 1,25,000-க்குப் பிடிக்க வேண்டும். மென்பொருள் இந்தப் பழைய பாக்கியைத் தானாகக் கூட்டுகிறதா என்று பாருங்கள். ஒருவர் இரண்டு சைட்டுகளில் வேலை செய்து, சைட்டுக்கு ஒரு லெட்ஜர் திறந்திருந்தால், மொத்தம் லெட்ஜர்வாரியாக அல்லாமல் பான்வாரியாகக் கணக்கிடப்பட வேண்டும். பல மென்பொருள்கள் தடுமாறும் இடம் இது.

தேதியும் முக்கியம். கணக்கில் வரவு வைப்பது, பணம் கொடுப்பது, இவற்றில் எது முந்தையதோ அன்றைக்கே பிடித்தம் செய்ய வேண்டும். பணம் கொடுக்கும் வவுச்சரில் மட்டுமே டிடிஎஸ் கணக்கிடும் மென்பொருள் கட்டடத் தொழிலுக்கு ஒத்துவராது. பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், மார்ச் மாதப் பிடித்தத்தை ஏப்ரல் 30-க்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால், பிடித்த நாளிலிருந்து மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி; மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஜூலை 25 அன்று பிடித்ததை ஆகஸ்ட் 8 அன்று கட்டினால், ஒரு நாள் தாமதத்துக்கு இரண்டு மாத வட்டி. காலாண்டு விவரம் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் தனி.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், ஒப்பந்ததாரர் டிடிஎஸ்ஸுக்கான பிரிவாக நாம் 194சி என்று சொல்லிப் பழகியது இப்போது 393-ஆம் பிரிவுக்குள் வருகிறது. ஒப்பந்ததாரர் விகிதம் மாறவில்லை. ஆனால் பழைய பிரிவு எண்ணோடு நிற்கும் மென்பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. டேலி பிரைம், ஜோஹோ புக்ஸ் இரண்டிலும் டிடிஎஸ் வசதி உண்டு. அவற்றில் இல்லாதது அளவுப் புத்தகம்: சதுர அடி, டன், முந்தைய பில் வரையிலான அளவு, ரிடென்ஷன் நிலுவை. கட்டுமான மென்பொருள் இதைத்தான் தருகிறது. உங்கள் அளவுக்கு, பில்லைக் கட்டுமான மென்பொருளில் போட்டு, கணக்கையும் வரியையும் டேலியிலேயே வைத்துக்கொள்வது போதும் என்பது என் கருத்து. ஆனால் இரண்டிலும் டிடிஎஸ் கணக்கிட விடக் கூடாது. எதில் கணக்கிடுவது என்று ஒன்றை முடிவு செய்து, மற்றதில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

நிதியாண்டின் நடுவில் மாறுவதாக இருந்தால், துணை ஒப்பந்ததாரர்களின் நிலுவையை மட்டும் கொண்டுசெல்வது போதாது. ஏப்ரல் முதல் ஒவ்வொரு பானுக்கும் வரவு வைத்த மொத்தம், பிடித்த வரி, இன்னும் கழிக்கப்படாத முன்பணம், நிலுவையில் உள்ள ரிடென்ஷன் ஆகிய நான்கையும் தொடக்க விவரமாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய மென்பொருள் உச்சவரம்பைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். முன்பணத்துக்கும் இரண்டாவது முறை வரி பிடிக்கும். இவற்றை ஏற்ற இடமில்லை என்று விற்பனையாளர் சொன்னால், ஏப்ரல் வரை காத்திருந்து மாறுங்கள்.