வலை பழுதுபார்க்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எட்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தையும் நானே நடத்துகிறேன். ஆனால் உள்ளே வறண்டுபோய்விட்டேன். பாடத்துக்காக மட்டுமே வேதத்தைத் திறக்கிறேன், எனக்காகத் திறந்து மாதக்கணக்காகிறது. "ஊழியத்தின் நோக்கம் ஆத்தும ஆதாயம், மற்றதை யோசிக்காதே" என்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதலில் நான் வளர்ந்து, அப்புறம் ஊழியத்துக்கு வரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

"எனக்காகத் திறந்து மாதக்கணக்காகிறது" என்ற வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

ஆத்தும ஆதாயம், அதாவது மனிதரைக் கிறிஸ்துவிடம் சேர்ப்பது, பெரிய காரியம், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பவுல் அதோடு நிறுத்தவில்லை. எபேசு சபைக்கு எழுதின நிருபத்தின் (எபேசியர்) நான்காம் அதிகாரத்தில், அப்போஸ்தலர் முதல் போதகர் வரை எல்லாரையும் கர்த்தர் ஏற்படுத்தியது "பரிசுத்தவான்கள் சீர்பொருந்தும் பொருட்டு" என்கிறார். இந்தச் சொல்லின் கிரேக்க வேர் மத்தேயு 4:21-லும் வருகிறது. யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்க்கிற இடம் அது. வலையை மடியில் போட்டு, கண்ணி கண்ணியாக விரலால் தடவிக்கொண்டே வர வேண்டும். அறுந்த இடம் தட்டுப்பட்டதும் நின்று, நூல் கோத்து முடிச்சுப் போட வேண்டும். அவசரப்பட்டால் ஓட்டை கைக்குத் தப்பிவிடும். குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று கலாத்தியர் 6:1 சொல்வதும் இதே வினையைத்தான். ஊழியம் என்றால் இப்போது என் கண்முன் வருவது இந்தக் காட்சிதான். அறுந்துபோன ஒருவர் மறுபடி பாரம் தாங்குகிறாரா என்றுதான் பார்க்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. முன்பு ஒரு வேத வகுப்பு நடத்தினேன். பாட்டு, பாடம், ஜெபம் எல்லாம் நான்தான். உடம்புக்கு முடியாமல் இரண்டு மாதம் படுத்துவிட்டேன். திரும்பிப் போனால் வகுப்பே இல்லை. "நீங்கள் வரவில்லையே ஐயா" என்றார்கள், அன்பாகத்தான். அன்று இரவு அழுதேன். ஆறு வருடத்தில் ஒருவரையும் வாய் திறந்து ஜெபிக்க விட்டதில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தேன், யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களும் வளரவில்லை, நானும் வளரவில்லை.

அதனால் விட்டுவிடாதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் அப்பொல்லோ என்ற பிரசங்கி, யோவான் ஸ்நானகன் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவராகவே ஜெப ஆலயத்தில் பேசினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியர் அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்தார்கள். ஊழியத்தில் இருந்துகொண்டேதான் அவர் கற்றார். உங்களை அப்படிச் சேர்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவரும் இல்லை. எனக்கு அதுதான் கவலை.

வறட்சியைச் சும்மா விடவும் கூடாது. பவுல் மூன்று வருஷம் கண்ணீரோடு புத்தி சொன்ன அதே எபேசு சபைக்கு, வெளிப்படுத்தின விசேஷத்தில் கிறிஸ்துவிடமிருந்து என்ன செய்தி போகிறது? உன் கிரியைகளையும் பிரயாசத்தையும் அறிந்திருக்கிறேன், ஆனாலும் "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்". உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அன்புதான் போய்விட்டது.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மாதம் வியாழக்கிழமைக் கூட்டத்தை வேறொருவர் கையில் கொடுங்கள். அவர் சுமாராக நடத்தினாலும் பரவாயில்லை, நீங்கள் கேட்கிறவராக உட்காருங்கள். வீட்டில் 63-ஆம் சங்கீதத்தை எடுங்கள், குறிப்பு எழுத வேண்டாம். "வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே" என்று தாவீதும் சொல்லியிருக்கிறார், கூச்சப்படாமல் அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளையை ஜெபிக்கச் சொல்லுங்கள். நடுவில் தடுமாறி நின்றால் எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வார்த்தை வரும்வரை கண்ணை மூடிக் காத்திருங்கள்.

மாதம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன்.