9 எம்எம் ரீலோடிங் (சுட்ட தோட்டாவோட கூட்டுல திரும்ப பவுடர் நிரப்பி தோட்டா பண்றது) ஆரம்பிக்கப் போறேன், எந்த புல்லட், எந்த பவுடர் வாங்கலாம்?

டெக்சாஸ்ல இருக்கேன், கையில கிளாக் 17 பிஸ்டல் இருக்கு, யூஎஸ்பிஎஸ்ஏ துப்பாக்கி சுடும் மேட்ச் ஆடணும், கடையில டைட்குரூப் பவுடர் வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க, சரியான்னு கேட்டிருக்கீங்க. முதல் பவுடரா டைட்குரூப் வேண்டாம்ங்க. அது நல்ல பவுடர்தான், கொஞ்சமா போட்டாலே போதும், கிரெய்ன்ங்கற எடை அளவுல ஒரு பவுண்டுன்னா 7000 கிரெய்ன்ங்கறதால ஒரு டப்பா ரொம்ப நாள் வரும், அதனாலதான் எல்லாரும் அதையே சொல்றாங்க. ஆனா அந்த சிக்கனம்தான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஆபத்து. 9 எம்எம் கேஸ், அதாவது தோட்டாவோட கூடு, ரொம்ப சின்னது, அதுலயும் டைட்குரூப் அடியில கொஞ்சமாத்தான் கிடக்கும், தப்பித்தவறி ரெண்டு தடவை விழுந்தாலும் வழியாது, மேல புல்லட்டை வச்சு அமுக்கினா கம்முனு உக்காந்துக்கும், அப்புறம் சுடும்போது துப்பாக்கியே வெடிச்சு கையைப் பதம் பாத்துடும்.

யூனிக், பவர் பிஸ்டல் மாதிரி இடத்தை அடைக்கிற பவுடர்னா நார்மல் லோடுலயே கேஸ்ல பாதிக்கு மேல நிக்கும், ரெண்டாவது தடவை விழுந்தா வெளியே கொட்டி உங்களுக்கே காட்டிக்குடுத்துடும். யூனிக் பெரிய பெரிய செதிலா இருக்கும், பவுடரை அளந்து போடுற மெஷர்ல ஒரே அளவா விழாது. பவர் பிஸ்டல்ல சத்தமும் ஃப்ளாஷும் ஜாஸ்தி. ரெண்டுல எனக்குக் கேட்டா பவர் பிஸ்டல்தான், சத்தத்தைப் பொறுத்துக்கலாம். எதை வாங்கினாலும் தோட்டாவை அமுக்கிச் சேர்க்கிற பிரஸ் மேல ஒரு எல்இடி லைட் மாட்டிக்கோங்க, புல்லட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் எட்டிப் பாருங்க. காலியா இருக்கிற கேஸும் அதே அளவு மோசம், பவுடரைப் பத்தவைக்கிற ப்ரைமர் மட்டும் வெடிச்சு புல்லட் பேரல்ல மாட்டிக்கும், அது தெரியாம அடுத்த ரவுண்டு சுட்டா பேரல் போச்சு. சத்தம் சப்புனு வந்தா உடனே நிறுத்திடுங்க.

ஆனா பவுடருக்கு முன்னாடி புல்லட்டை முடிவு பண்ணணும். 115, 124, 147 கிரெய்ன்தான் பொதுவா கிடைக்கும். மேட்ச்ல மைனர்ங்கற பிரிவுக்கு பவர் ஃபாக்டர் (தோட்டாவோட பலத்தைக் காட்டுற எண்) 125 வேணும், புல்லட் எடையை வேகத்தால பெருக்கி 1000-ஆல வகுக்கணும், 124 கிரெய்ன் நொடிக்கு 1050 அடி வேகத்துல போனா 130 வந்துடும். 147-ன்னா 890 போதும், ரீகாயில் மெதுவா இருக்கும், பலருக்கும் அதான் பிடிக்குது, ஆனா புல்லட் நீளம், கேஸுக்குள்ள ஆழமா இறங்கும், கொஞ்சம் கூட அமுங்கினாலும் ப்ரெஷர் சட்டுனு ஏறும். அதனால முதல்ல 124 கிரெய்ன் ரவுண்ட் நோஸ், ஜாக்கெட் போட்டதோ ப்ளேட்டிங் பண்ணதோ வாங்குங்க. கோட்டிங் இல்லாத வெறும் ஈயம் வேண்டாம், கிளாக்கே வேண்டாம்னுதான் சொல்லுது.

பவுடர் எவ்வளவுன்னு நான் இங்க எழுத மாட்டேன், யார் கமெண்ட்ல எழுதினாலும் எடுத்துக்காதீங்க. பவுடர் கம்பெனி சைட்லயே டேட்டா இருக்கு. எடை மட்டும் ஒத்துப்போனா போதாது, அதே மாதிரி புல்லட்டுக்கான டேட்டாவா பாருங்க, அதுல குறைஞ்ச அளவா போட்டிருக்கிற ஸ்டார்ட் லோடுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க. டேபிள் மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும்.

முழு ரவுண்டோட நீளம் 1.169 இன்ச்சைத் தாண்டக்கூடாது, ஆனா உங்க பேரலுக்கு அதைவிடக் கம்மியா தேவைப்படலாம். பேரலைக் கழட்டி செங்குத்தா பிடிச்சு, பவுடரும் ப்ரைமரும் இல்லாத டம்மி ரவுண்டை உள்ள போடுங்க, ‘டங்’குனு உக்காரணும், கவுத்தா தானா விழணும், விழலைன்னா நீளமோ க்ரிம்ப்போ (கேஸ் வாயை புல்லட் மேல இறுக்கறது) சரியில்லை. 9 எம்எம் கேஸோட வாய் விளிம்புலதான் சேம்பர்ல, அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற இடத்துல, நிக்குது, அதனால வாயை உள்ள மடிக்காம லேசா இறுக்குற டேப்பர் க்ரிம்ப் மட்டும்தான்.

முதல் தடவை ரேஞ்சுக்குப் போறப்ப மேகஸின்ல ஒரே ஒரு ரவுண்டு போட்டு சுட்டுப் பாருங்க. துப்பாக்கி மேல இருக்கிற ஸ்லைடு பின்னாடி போய் லாக் ஆகலைன்னா பெரும்பாலும் அதைத் தள்ளுற ஸ்பிரிங்குக்கு லோடு பத்தலைன்னு அர்த்தம், டேட்டாவுல இருக்கிற மேக்ஸிமத்துக்குள்ள அடுத்த படிக்கு ஏறலாம்.